துகள்களின் அணிவகுப்பும் பட்டிழையின் பாடமும்

காஞ்சி நகரின் தென்புறத்தே, பாலாற்றுப் பாலத்தை அடையுமுன் உள்ள செவிலிமேட்டில் நமக்கு நெடுநாள் பழக்கமான நெசவாளர் ஒருவர் உண்டு. அஸர் தொழுகைக்குப் பின் அவருடைய குழித்தறியின் ஓரத்தில் சற்றுநேரம் அமர்ந்திருப்பது நமது வழக்கம். தறியின் தலைமேல் ஜக்கார்டு பெட்டி; அதில் துளையிட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பிக்கொண்டிருக்கும். ஒவ்வோர் அட்டையும் ஊடையின் ஒரு வரிசைக்கான கட்டளை. பாவிலுள்ள எந்த இழை மேலெழ வேண்டும், எது கீழே கிடக்க வேண்டும் என்பதை அட்டையிலுள்ள துளைகளே தீர்மானிக்கின்றன. முந்தியில் ஓர் அன்னம் தோன்ற வேண்டுமாயின், அதன் அலகின் நுனிவரை யாரோ ஒருவர் கட்டமிட்ட தாளில் முன்னரே புள்ளியிட்டு வைத்திருக்க வேண்டும். கட்டளையின்றி ஓர் இழையும் அசைவதில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு நெசவைப் பற்றி அண்மைக் காலமாக நாம் வாசித்து வருகிறோம். அங்கே அட்டையுமில்லை, நாடாவுமில்லை, புள்ளி புள்ளியாக அமர்த்தும் கையுமில்லை. ஒரு கரைசலைத் தட்டையான பரப்பில் ஊற்றி உலர விட்டால், அதிலுள்ள தங்கத் துகள்களும் வெள்ளித் துகள்களும் வரிசை வரிசையாகத் தத்தம் இடத்தில் சென்று அமர்ந்துகொள்கின்றன. இதை நண்பரிடம் சொன்னபோது அவர் நாடாவை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "சரிங்க பாய், ஆளே இல்லாம கோலம் வருதுன்னே வச்சுக்குவோம். இழை அறுந்தா யாரு முடிச்சுப் போடுறது?"

அந்தத் துறையின் தலையாய இடர்ப்பாட்டையே அவர் கேட்டுவிட்டார் என்பது அப்போது நமக்குத் தெரியவில்லை. அதற்குப் பின்னர் வருவோம். முதலில் துகள் என்பது யாது, அதனை ஏன் வரிசைப்படுத்த வேண்டும் என்பதைக் காண்போம்.

ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறு நானோமீட்டர். பசை நீக்கிய பட்டின் ஒற்றை இழை ஏறத்தாழ 10,000 நானோமீட்டர் பருமன் கொண்டது. நாம் பேசும் துகள்களோ 3 முதல் 30 நானோமீட்டர் வரையிலானவை. இந்த அளவுக்குச் சிறுத்துவிட்டால் பொருள்கள் தம் பழைய குணத்தை மாற்றிக்கொள்கின்றன. ஜரிகையில் பொன்னிறமாக மின்னும் அதே தங்கம், நீரில் நானோ துகளாக மிதக்கும்போது மாதுளைச் சாற்றின் சிவப்பாகத் தெரியும். 1857-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே இச்செந்நிறத் தங்கக் கரைசலை ஆராய்ந்து, நிறத்துக்குக் காரணம் தங்கத்தின் நுண்மையே என்று உணர்த்தினார். கொரோனா காலத்தில் வீடுகளில் பயன்படுத்தப்பட்ட பரிசோதனைப் பட்டைகளுள் பலவற்றில் தோன்றிய சிவப்புக் கோடும் தங்க நானோ துகள்களின் திரட்சியே ஆகும்.

இதனினும் வியப்பு ஒன்றுண்டு. அத்தகைய இரு துகள்கள் ஒன்றையொன்று மிக நெருங்கினால் சிவப்பு மாறி ஊதாவும் நீலமும் தோன்றும். துகள் அதே துகள். தங்கம் அதே தங்கம். இடைவெளி மட்டுமே மாறியது, நிறமும் மாறிவிட்டது. எனவே துகளின் குணம் துகளுக்குள் மட்டும் இல்லை. அதற்கும் அதன் அண்டை வீட்டுத் துகளுக்கும் இடையிலான உறவிலும் இருக்கிறது.

அரபு இலக்கணமும் அணியியலும் கற்பிக்கும் நமக்கு இச்செய்தியைப் படித்தவுடன் ஹிஜ்ரி 471-இல் (கி.பி. 1078) மறைந்த அப்துல் காஹிர் அல்-ஜுர்ஜானி அவர்களே நினைவுக்கு வந்தார்கள். தம்முடைய 'தலாயிலுல் இஃஜாஸ்' என்னும் நூலில் அவர்கள் நிறுவும் கொள்கைக்கு 'நழ்ம்' என்று பெயர். முத்துகளை நூலில் கோப்பது என்பது அச்சொல்லின் வேர்ப்பொருள். தனிச்சொல்லுக்குத் தன்னளவில் சிறப்பில்லை, சொல்லும் சொல்லும் இலக்கண உறவால் அடுத்தடுத்து அமையும் முறையில்தான் சிறப்புப் பிறக்கிறது என்பது அக்கொள்கையின் சாரம். இதை விளக்க அவர்கள் நெசவையும் சாயமிடுதலையும் எடுத்துக்காட்டுவதுண்டு. ஒன்றை ஈண்டுச் சொல்லிவிடுகிறோம்: ஜுர்ஜானி அவர்கள் நானோ அறிவியலை முன்னறிவித்தார்கள் என்று நாம் கூற வரவில்லை. அவ்வாறு கூறும் கட்டுரைகள் நம்மிடையே மிகுந்துவிட்டன. அவற்றால் ஜுர்ஜானிக்கும் பெருமையில்லை, அறிவியலுக்கும் பயனில்லை. உறவில் பிறக்கும் குணம் என்பதை மாணவருக்கு விளக்க ஓர் உவமை கிடைத்தது, அவ்வளவே.

ஆனால் உவமையளவில் நில்லாது உண்மையாகவே இவ்வரலாற்றில் இடம்பெறத்தக்க முஸ்லிம் கைவினைஞர்கள் உண்டு. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில், அதாவது கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில், அப்பாஸியர் ஆட்சியிலிருந்த இராக்கில் உலோகப் பளபளப்புள்ள மட்பாண்டங்கள் செய்யப்பட்டன. மெருகிட்டுச் சுட்ட பாண்டத்தின்மேல் வெள்ளி, செம்பு உப்புகளைக் களிமண்ணோடு குழைத்துத் தீட்டி, புகை நிறைந்த சூளையில் இரண்டாம் முறை மிதமான வெப்பத்தில் சுடுவார்கள். உப்பிலுள்ள உலோகம் மெருகுக்குள் ஊடுருவி நுண்துகள்களாகத் திரளும். இக்காலத்து ஆய்வாளர்கள் அப்பாண்டச் சில்லுகளை மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, சில நானோமீட்டர் முதல் சில பத்து நானோமீட்டர் வரையிலான வெள்ளி, செம்புத் துகள்கள் மெருகின் மேற்பரப்பை அடுத்து மெல்லிய படலமாகச் செறிந்திருக்கக் கண்டார்கள். துகள்கள் நெருங்கியிருந்தால் உலோகப் பளபளப்பு; விலகியிருந்தால் வெறும் நிறம். காஷான் நகரக் குயவர் மரபில் வந்த அபுல் காஸிம் அல்-காஷானி ஹிஜ்ரி 700-இல் பாரசீகத்தில் எழுதிய நூலில் இத்தொழிலின் சேர்மானங்களைப் பதிவு செய்துள்ளார். துகள் என்ற ஒன்று இருப்பதை அக்குயவர்கள் அறியார். ஆயினும் சூளையின் சூட்டையும் புகையையும் கண்ணால் அளந்து, துகள்களின் நெருக்கத்தைக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள். ஓரளவுக்குத்தான். ஒரே சூளையில் ஒரு பாண்டம் பொன்னாக மின்ன, அடுத்தது மங்கிப் போவதும் உண்டு.

இக்காலத்து ஆய்வாளரின் தேவை அதனினும் கடினமானது. அவருக்கு நெருக்கம் மட்டும் போதாது; ஒவ்வொரு துகளும் அடுத்ததிலிருந்து இத்தனை நானோமீட்டர் என்று பிசகாத அணிவகுப்பு வேண்டும். கையால் வைப்பது இயலுமா? 25 நானோமீட்டர் இடைவெளியில் தேன்கூட்டு வரிசையில் புள்ளிகளை நிரப்பினால், ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறத்தாழ 18,000 கோடிப் புள்ளிகள் அடங்கும். நொடிக்கு ஒன்றாக இராப்பகல் ஓயாது வைத்தாலும் விரல் நகத்தின் பரப்பை நிரப்ப 5,500 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆகவே துகள்கள் தாமே சென்று அமரத்தக்க இருக்கைகளை ஆயத்தம் செய்வதே வழி. அந்த இருக்கைகளைத் தருவதுதான் பிளாக் கோபாலிமர். இக்கட்டுரையில் அதனை இருகூற்றுப் பாலிமர் என்போம்.

பாலிமர் என்பது ஒரே வகை மூலக்கூற்று மணிகளை நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி. இருகூற்றுப் பாலிமரில் சங்கிலியின் ஒரு பாதி ஒருவகை மணியாலும் மறுபாதி வேறுவகை மணியாலும் ஆனது. காஞ்சிக் கோர்வைச் சேலையை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். இரண்டும் தனித்தனி நாடாக்களால் நெய்யப்பட்டு, சந்திக்கும் கோட்டில் இழையோடு இழை பின்னிக் கோக்கப்படுகின்றன. சேலை கிழிந்தாலும் கோர்வை விடாது என்பார்கள். பாலிமரின் இரு கூறுகளும் அவ்வாறே பிரிக்கவியலாத வேதிப்பிணைப்பால் ஓரிடத்தில் கோக்கப்பட்டவை.

இவ்விரு கூறுகளும் ஒன்றையொன்று விரும்பாதவை. எண்ணெயும் நீரும் போல என்று சொல்லலாம். ஆயினும் அத்தனை பகை தேவையில்லை. சிறு மூலக்கூறுகள் எளிதில் கலந்துவிடும், ஏனெனில் கலப்பதால் அவற்றுக்குக் கிட்டும் சுதந்திரம் மிகுதி. நீண்ட சங்கிலிகளுக்கு அந்த ஆதாயம் சொற்பம். எனவே மணிக்கு மணி இருக்கும் சிறு வெறுப்பும் சங்கிலியின் நீளத்தால் பெருகிப் பெரும்பகையாகிவிடுகிறது. வெறுப்பின் அளவையும் சங்கிலியின் நீளத்தையும் பெருக்கி வரும் எண் 10.5-ஐத் தாண்டினால், சமகூறுள்ள சங்கிலிகள் பிரியத் தொடங்கும் என்று 1980-இல் பிரான்சு நாட்டு அறிவியலார் லுட்விக் லைப்ளர் கணக்கிட்டுக் காட்டினார்.

பிரிய விரும்பினாலும் பிரிந்துபோக முடியாது, கோர்வை விடாது. பாகப்பிரிவினை கேட்கும் அண்ணன் தம்பியரைச் சோடி சோடியாகக் கயிற்றால் பிணைத்து ஒரு திடலில் விட்டால் என்ன செய்வார்கள்? அண்ணன்மார் அனைவரும் ஒருபுறமும் தம்பிமார் மறுபுறமும் போய்விட இயலாது. அண்ணன்மார் வரிசை, தம்பிமார் வரிசை, அடுத்து மீண்டும் தம்பிமார், மீண்டும் அண்ணன்மார் என்று கயிற்றின் நீளத்துக்கு ஏற்ற அகலத்தில் பட்டை பட்டையாக நிற்பதே அவர்களுக்கு ஆகக்கூடிய சமாதானம். பாலிமரிலும் அதுவே நிகழ்கிறது. பட்டையின் அகலம் சங்கிலியின் நீளத்தைப் பொறுத்து 10 முதல் 100 நானோமீட்டர் வரை அமையும்.

இரு கூறுகளும் சமமாக இருந்தால் அடுக்குகள். ஒன்று மூன்றில் ஒரு பங்களவுக்குக் குறைந்தால், அது மற்றதன் நடுவே நீண்ட உருளைகளாகித் தேன்கூட்டு வரிசையில் நிற்கும். ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போனால் உருண்டைகள். அடுக்குக்கும் உருளைக்கும் இடையே ஒரு குறுகிய எல்லையில் 'ஜைராய்டு' என்னும், இரு வலைகள் ஒன்றையொன்று தொடாமல் பின்னிக் கிடக்கும் விந்தையான வடிவம் தோன்றும். வேதியியலார் மாற்ற வேண்டியது விகிதத்தை மட்டுமே. கோலம் தானே மாறுகிறது.

இனித் துகள்களுக்கு இருக்கை காட்டுவது எவ்வாறு? துகளுக்கு உடுத்தும் ஆடையே அதன் முகவரி. கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா பல்கலைக்கழகக் குழுவொன்று 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. தங்கத் துகள்களின்மேல் பாலிமரின் முதற்கூற்றைச் சார்ந்த சங்கிலிகளை மட்டும் போர்த்தினால் அவை முதற்கூற்றின் பட்டைக்குள் சென்றன. இரண்டாம் கூற்றைப் போர்த்தினால் அதற்குள் சென்றன. இரண்டையும் கலந்து போர்த்தினால் இரண்டும் சந்திக்கும் எல்லைக்கோட்டில் வந்து வரிசையாக நின்றன. கோர்வைக் கோட்டின்மேல் ஜரிகை ஓடியது போல என்று நாம் மனத்துள் எண்ணிக்கொண்டோம்.

ஆடை மட்டுமன்று, பருமனும் இடத்தைத் தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தார் 2003-இல் ஒரே பாலிமரில் ஏறத்தாழ 3 நானோமீட்டர் தங்கத் துகளையும் 20 நானோமீட்டரைத் தாண்டிய சிலிக்காத் துகளையும் ஒருங்கே கலந்தார்கள். சிறிய தங்கம் பட்டையின் ஓரத்தில் தங்கியது; பெரிய சிலிக்கா பட்டையின் நடுவே போய் அமர்ந்தது. பெரிய துகள் ஓரத்தில் நின்றால் பாலிமர்ச் சங்கிலிகள் அதைச் சுற்றிக்கொண்டு வெகுவாக நீண்டு வளைய வேண்டும். நடுவிலோ சங்கிலிகளின் நுனிகளே இருப்பதால் இடம் விடுவது எளிது. கூட்டத்தில் பெரிய மூட்டையோடு வருபவரை வாசலில் நிற்க விடாமல் நடுவில் ஒதுக்கி உட்காரவைப்பது போன்றதே இது.

இத்தனையும் ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக உண்டாக்கிய பொருள்களைப் பற்றியது. ஆனால் செவிலிமேட்டுத் தறியில் ஓடும் பட்டிழையே இயற்கை ஆக்கிய ஒரு பல்கூற்றுப் பாலிமர் என்பதை அறிந்தபோது நமக்கு ஏற்பட்ட வியப்பைச் சொல்லி முடியாது. மல்பெரிப் பட்டுப் புழுவின் இழைப்புரதமான ஃபைப்ராயினின் பெருஞ்சங்கிலியில் 5,263 அமினோ அமிலங்கள் உள்ளன என்பது 2000-இல் முழுமையாகக் கண்டறியப்பட்டது. அச்சங்கிலியில் நீரை வெறுக்கும் 12 நீண்ட பகுதிகளும், அவற்றுக்கிடையே ஒழுங்கற்ற 11 சிறு பகுதிகளும் மாறி மாறிக் கோக்கப்பட்டுள்ளன. நீரை வெறுக்கும் பகுதிகள் கிளைசின், அலனின் ஆகிய சிறிய அமினோ அமிலங்களால் பெரிதும் ஆனவை. இவை அடுக்கடுக்காக நெருங்கிப் படிகமாகி இழைக்கு வலிமை தருகின்றன. இடைப்பட்ட பகுதிகள் நெகிழ்வைத் தருகின்றன.

புழுவின் சுரப்பியில் இப்புரதம் நீரில் கரைந்த கூழாகவே இருக்கிறது. நீரை வெறுக்கும் பகுதிகள் உள்ளொடுங்க, நீரை விரும்பும் முனைகள் வெளியே நிற்க, சங்கிலிகள் முதலில் நுண்ணுருண்டைகளாகத் திரளுகின்றன. நீர் குறையக் குறைய அவை பெரிய திரள்களாகின்றன. புழு தலையை அசைத்து இழுக்கும்போது அத்திரள்கள் நீண்டு, ஒழுங்குற்று, நீரில் கரையாத இழையாகிவிடுகின்றன. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜின், கப்ளான் ஆகிய இருவரும் 2003-இல் 'நேச்சர்' இதழில் முன்வைத்த விளக்கம் இது. ஒரு கூட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு அறுபடாமல் உருவப்படும் அந்த இழை, அறை வெப்பத்தில் வெறும் நீரைக் கொண்டு ஆக்கப்பட்டது. நைலான் ஆலைகள் அதற்கென எரிக்கும் எரிபொருளை எண்ணிப் பார்க்க வேண்டும்! மேலும், பட்டுப் புரதத்திலுள்ள டைரோசின் என்னும் அமினோ அமிலம் கரைசலிலுள்ள தங்க அயனிகளை நானோ துகள்களாக மாற்றவும் வல்லது. ஜரிகையில் சிவப்புப் பட்டிழையின்மேல் வெள்ளித் தகட்டைச் சுற்றிப் பொன்முலாம் பூசும்போது மனிதன் பட்டையும் பொன்னையும் வெளியே சேர்க்கிறான். ஆய்வுக்கூடக் குடுவையில் பட்டே பொன்னைத் தன்னுள் விளைவித்துக்கொள்கிறது.

இத்துறையில் நம் நாட்டவரின் பங்கும் குறிப்பிடத்தக்கது. காஞ்சித் தறிகளுக்குப் பட்டுநூல் அனுப்பும் கர்நாடகத்தின் தலைநகரில் ராமன் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே எஸ். சந்திரசேகர், பி.கே. சதாசிவா, கே.ஏ. சுரேஷ் ஆகியோர் 1977-இல் ஓர் உண்மையைக் கண்டறிந்து நம் நாட்டு இதழான 'பிரமாணா'வில் வெளியிட்டார்கள். அதுவரை நீர்மப் படிகங்கள் குச்சி வடிவ மூலக்கூறுகளாலேயே ஆகும் என்று நம்பப்பட்டது. தட்டு வடிவ மூலக்கூறுகளும் நாணயங்களை அடுக்கியது போலத் தூண்களாகி, அத்தூண்கள் தேன்கூட்டு வரிசையில் நிற்கும் என்று இவர்கள் காட்டினார்கள். இது பாலிமர் அன்று. ஆயினும் தானே ஒழுங்கமையும் பொருள்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதே நிறுவனத்தில் சந்தீப் குமார், வி. லட்சுமிநாராயணன் ஆகியோர் 2004-இல் தங்க நானோ துகள்களை அத்தகைய தூண்களின் தோப்புக்குள் சேர்த்துக் காட்டினார்கள்.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரப் பாலிமர் ஆராய்ச்சி நிறுவனத்தில் மன்ஃபிரெட் ஸ்டாம் குழுவினர் 2003-இல் ஓர் அழகிய உத்தியை வெளியிட்டார்கள். பாலிமரின் ஒரு கூற்றோடு சிறு மூலக்கூறு ஒன்றைத் தற்காலிகமாக ஒட்டவைத்து, கோலம் அமைந்த பிறகு அதை மட்டும் ஆல்கஹாலில் கழுவி நீக்கினால், 8 நானோமீட்டர் விட்டமுள்ள துளைகள் ஏறத்தாழ 25 நானோமீட்டர் இடைவெளியில் வரிசையாகத் திறந்துகொள்ளும். துளைகளுக்குள் உலோகத்தை நிரப்பலாம். இக்குழுவோடு சேர்ந்து பணியாற்றியவர் பானு நந்தன். ஒரே பாலிமர்க் கோலத்தில் இருவேறு வகைத் துகள்களைப் படிப்படியாக வெவ்வேறு இடங்களில் அமர்த்தும் முறை 2013-இல் வெளியானபோது அதன் ஆசிரியர்களுள் அவரும் ஒருவர். அவர் பேராசிரியராக இருப்பது டெல்லி ஐ.ஐ.டி.யின் ஜவுளித் துறையில்! இதை நெசவாள நண்பரிடம் சொன்னபோது, "பின்னே எங்க இருப்பாரு?" என்றார்.

பயன் யாது என்று கேட்போருக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். ஜெர்மனியில் யோவாகிம் ஸ்பாட்ஸ் குழுவினர் இருகூற்றுப் பாலிமர் உருண்டைகளுக்குள் தங்கத்தைச் சுமக்கவைத்து, கண்ணாடிப் பரப்பில் தங்கப் புள்ளிகளை ஒழுங்காகப் பதித்தார்கள். உயிரணுவின் ஒரேயொரு ஒட்டுப் புரதம் மட்டுமே பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஒவ்வொரு புள்ளியும் சிறியது. அப்பரப்பில் உயிரணுக்களை வளர்த்தபோது, புள்ளிகளுக்கிடையே 58 நானோமீட்டர் இருந்தால் அவை நன்றாக ஒட்டிப் பரவின. 73 நானோமீட்டர் ஆனால் ஒட்டத் தயங்கின. 2004-இல் வெளியான இம்முடிவு, நம் உடலின் அணுக்கள் தாம் நிற்கும் தரையின் இடைவெளியை அளந்தறிகின்றன என்பதைப் புலப்படுத்தியது. செயற்கை உறுப்புகளின் மேற்பரப்பைச் செப்பனிடுவோர்க்கு இது பெருந்துணை. இதற்கப்பால் கணினி நினைவகம், நீரை வடிகட்டும் சவ்வு, வினையூக்கி என்று பட்டியல் நீளும். அவற்றுட் பல இன்னும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை.

இக்கலை கைத்தறியை விழுங்கிவிடுமோ என்னும் அச்சம் வேண்டா. அந்த வேலையை விசைத்தறியும் போலி ஜரிகையும் முன்னரே மேற்கொண்டுவிட்டன.

'தானே ஒழுங்கமைதல்' என்ற தொடரைக் குறித்து வகுப்பில் எழுந்த விவாதத்தையும் ஈண்டுக் குறிப்பிட வேண்டும். "ஹஜ்ரத், ஒழுங்கு தானாகவே வருமென்றால் ஒழுங்குபடுத்துபவன் தேவையில்லை என்று சிலர் வாதிட இது இடம் தராதா?" என்று ஒரு மாணவர் கவலையோடு கேட்டார். உடனே மற்றொருவர், "இல்லை, இதுவே படைத்தவன் உண்டு என்பதற்குச் சான்று" என்று எழுந்தார். இருவரையும் அமரச் சொன்னோம். இங்கே 'தானே' என்பதன் பொருள் 'கை படாமல்' என்பது மட்டுமே. சங்கிலியின் நீளத்தையும் கூறுகளின் விகிதத்தையும் துகளின் ஆடையையும் வேதியியலார் தேர்ந்தெடுத்தே அனுப்புகிறார்; ஜக்கார்டு அட்டையில் இருந்த கட்டளை இங்கே இழைக்குள்ளேயே எழுதப்பட்டுவிட்டது. ஒழுங்கு வெறும் தற்செயல் என்பாருக்கு இது துணை நில்லாது. வெப்ப இயக்கவியல் விதிகளின்படி நிகழும் ஒன்றை எடுத்துக்கொண்டு இல்முல் கலாமின் பெருவினாக்களுக்கு விடை சொல்ல முனைவதும் முறையன்று. நாளை அவ்விளக்கம் திருத்தப்பட்டால் நம் ஆதாரமும் உடன் சரியும். மாணவர்கள் முழு நிறைவடைந்தார்கள் என்று சொல்வதற்கில்லை.

வேறொரு பெருமிதத்தையும் அடக்கிக்கொள்ளவே வேண்டியிருக்கிறது. இஸ்ஃபஹானில் 1453-இல் கட்டப்பட்ட தர்பி இமாம் கட்டடத்தின் ஓட்டுக் கோலங்களில், ஒழுங்குண்டு ஆனால் மீள்வரிசை இல்லாத அமைப்பு உள்ளது என்று பீட்டர் லூ, பால் ஸ்டெய்ன்ஹார்ட் ஆகியோர் 2007-இல் எழுதினார்கள். குவாசிப் படிகங்கள் எனப்படும் அமைப்புக்கு நெருங்கியது அது. அதே 2007-இல் ஜப்பானிய அறிவியலார், மூன்று கூறுகளை ஒரு மையத்தில் இணைத்த விண்மீன் வடிவப் பாலிமரில், பன்னிரு திசைச் சமச்சீருள்ள அத்தகைய கோலம் கை படாமலே தோன்றுவதைக் கண்டார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது இன்பமே. ஆயினும் இஸ்ஃபஹானில் ஒவ்வோர் ஓடும் அளந்து, வெட்டி, பதிக்கப்பட்டது. உழைப்பாளியின் கையே அங்கே எல்லாம். இரண்டும் ஒன்றென்று சொன்னால் அவ்வுழைப்பாளிக்கு நாம் அநீதி இழைத்தவர்களாவோம்.

இனி நண்பரின் கேள்வி. இழை அறுந்தால் முடிச்சுப் போடுவது யார்?

பாலிமர்க் கோலம் ஒரே சமயத்தில் பல இடங்களில் தோன்றத் தொடங்குகிறது. ஓரிடத்தில் வரிசை கிழக்கு மேற்காகவும், வேறிடத்தில் தெற்கு வடக்காகவும் வளர்ந்து, இரண்டும் சந்திக்கும் இடத்தில் பிசகு விழுகிறது; விரல்ரேகையைப் போல வரிகள் சுழல்கின்றன. பாலிமரைச் சூடாக்கியோ கரைப்பானின் ஆவியில் வைத்தோ நெகிழவிட்டால், சங்கிலிகள் சற்றே அசைந்து பிசகுகளுள் பலவற்றைத் தாமே சரிசெய்துகொள்ளும். துகள்கள் மிகுந்துவிட்டால் அந்த அசைவும் தடைப்படுகிறது. எனவே ஆய்வாளர்கள் மீண்டும் வழிகாட்டும் கையைத் தேடினார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பால் நீலி குழுவினர் 2003-இல், அடித்தளத்தில் முன்கூட்டியே மெல்லிய வேதிக் கோடுகளை வரைந்து, பாலிமரை அவற்றின்மேல் பிசகின்றிப் படியவைத்தார்கள். 2008-இல் எல்லாப் புள்ளிகளையும் வரையத் தேவையில்லை, நான்கில் ஒன்றை இட்டால் போதும், எஞ்சிய மூன்றைப் பாலிமரே இட்டு நிரப்பும் என்று காட்டப்பட்டது. அட்டை முற்றிலும் ஒழியவில்லை. அதிலுள்ள துளைகள் குறைந்திருக்கின்றன.

அப்படியும் கணினிச் சில்லுத் தொழிலின் எதிர்பார்ப்பு கடுமையானது. நூறு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஒரேயொரு பிசகுக்கு மேல் ஏற்பதில்லை என்பது அத்தொழிலில் பேசப்பட்ட இலக்கு. நாம் முன்னர்க் கண்ட கணக்கின்படி அப்பரப்பில் 18 லட்சம் கோடிப் புள்ளிகள் இருக்கும். இந்த அளவுகோலை எட்டுவது அரிதாக இருந்தமையால் ஆலைகள் நெடுங்காலம் தயங்கின. ஒளியால் வரையும் பழைய முறையே புதிய கருவிகளோடு முன்னேறியது.

சென்ற வாரம் செவிலிமேட்டில் இந்தக் கணக்கை நண்பரிடம் விவரித்தோம். அவர் ஊடையில் விழுந்த ஒரு பிசகைக் கண்டு, நான்கு வரிசைகளைப் பிரித்தெடுத்து மறுபடியும் அட்டையைப் பின்னுக்குத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"எங்களுக்கு ஒரு சேலைல ஒரு பிசகு தெரிஞ்சாலே கூலியில பிடிச்சிடுவாங்க பாய்," என்றார். "அவங்களுக்குச் சூடு காட்டினா சரியாயிடுதே, அதைச் சொல்லுங்க" என்று நாடாவைக் கையிலெடுத்தார்.